தோலும் துடிப்பும்



2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 24-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. காலை மணி 6.13. இருட்டு இன்னும் விலகாத நேரம். நம் ஜொகூர் மாநிலத்தின் வடக்கே சிகாமட் வட்டாரத்தில் நிலம் ஒரு குலுக்குக் குலுங்கியது. 4.1 அளவு நடுக்கம் என்று மலேசிய வானிலை ஆய்வுத் துறை அறிவித்தது. ஜொகூரில் மட்டுமல்ல, மலாக்காவிலும் நெகிரி செம்பிலானிலும் பகாங்கின் தென் பகுதியிலும் மக்கள் அதை உணர்ந்தார்கள். சுமத்ராவில் ஆடினால் நமக்கும் கொஞ்சம் ஆடும், மற்றபடி நம் நிலம் கெட்டி நிலம் என்று நம்பியிருந்தவர்கள் நாம். அன்று நம் காலடியே ஆடியது.

என் அம்மாவுக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "என்னடா, பெரிய லோரி ஏதும் போகுதா?" என்று கேட்டார். அலமாரியில் கிளாசுகள் ஒன்றோடொன்று உரசிய சத்தம்தான் கேட்டது. நிலம் நடுங்கிய சத்தம் கேட்கவில்லை. அன்றே காலை ஒன்பது மணி வாக்கில் இன்னொரு நடுக்கம் வந்தது. 2.8 அளவுதான். எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் கருவிக்குத் தெரிந்தது. அது நேரத்தையும் அளவையும் குறித்துக்கொண்டது.

நமக்குத் தெரியாமல் நம்மைச் சுற்றி நடுங்குவது எவ்வளவு, அதைப் பிடிக்க மனிதன் என்னென்ன செய்தான் என்று அன்று முதல் படிக்கத் தொடங்கினேன். படித்துக்கொண்டே போனால், எங்கெங்கோ சுற்றி, கடைசியில் நம் மேளத் தோலில் வந்து நின்றேன். அந்த வரலாற்றைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஒலி என்பது அதிர்வு. இது ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு நொடியில் 20 தடவைக்குக் குறைவாக அதிர்ந்தால் அது காதில் ஏறாது, காலில்தான் தெரியும். நில நடுக்கம் அந்த ரகம். ஒரு நொடியில் 20,000 தடவைக்கு மேல் அதிர்ந்தாலும் காதில் ஏறாது. அதைக் கேளா ஒலி என்றும் மீயொலி என்றும் சொல்வார்கள். ரப்பர் மரங்களுக்கு நடுவே அந்தி நேரத்தில் பறக்கும் சின்ன வௌவால்கள் அந்தக் கேளா ஒலியில் விடாமல் கத்திக்கொண்டுதான் பறக்கின்றன. நமக்கோ ஊர் நிசப்தமாக இருக்கிறது!

இதற்காக நம் காதைக் குறைவாக நினைத்துவிடாதீர்கள். மிக மெல்லிய ஒலி ஒன்று காதில் விழும்போது செவிப்பறை அசையும் தூரம் ஓர் அணுவின் அகலத்தை விடவும் குறைவு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். செவிப்பறை! நம் முன்னோர் வைத்த பெயரைப் பாருங்கள். காதுக்குள் ஒரு பறை. இழுத்துக் கட்டிய ஒரு தோல்.

நான் தோட்டத்தில் பிறந்தவன். மாரியம்மன் திருவிழா வந்தால் கோயிலுக்குப் பின்னால் தென்னஞ்சருகைக் கொளுத்தி, தப்பைக் காய்ச்சுவார்கள். அதில் மூத்தவர் ஒருவர், தீயில் காட்டிய தப்பை எடுத்து விரலால் ஒரு சுண்டு சுண்டுவார். காதோரம் வைத்துக் கேட்பார். "இன்னும் ஏறல" என்று மறுபடி தீயில் காட்டுவார். எங்களுக்கு எல்லாம் ஒரே 'டங்'காகத்தான் கேட்கும். தோலில் ஈரம் போகப் போக அது இறுகும், இறுக இறுக அதிர்வின் வேகம் கூடும் என்பது பௌதிகம். அவருக்கு அந்தச் சொல் தெரியாது. விஷயம் தெரியும். பகலில் அவர் பால் வாளி சுமந்தார். அவரை யாரும் விஞ்ஞானி என்று அழைத்ததில்லை.

இனி கல்கத்தாவுக்குப் போவோம்.

திருச்சிராப்பள்ளியில் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் தேதி பிறந்த சந்திரசேகர வெங்கட ராமன், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்று, 1907-இல் இந்திய நிதித் துறையில் அதிகாரியாகக் கல்கத்தா போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. கைநிறையச் சம்பளம் வரும் உத்தியோகம். வேறொருவராக இருந்தால் அதோடு திருப்தி அடைந்திருப்பார். ராமன் டிராம் வண்டியில் போகும்போது பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப் பலகையைப் பார்த்தார். இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் என்று எழுதியிருந்தது. மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் 1876-இல் தொடங்கிய கழகம் அது. இடமும் கருவிகளும் இருந்தன, வேலை செய்யத்தான் ஆள் இல்லை. ராமன் அங்கே நுழைந்தார். காலையில் ஆய்வுக்கூடம், பகலில் அரசாங்கக் கணக்கு, மாலையில் மறுபடியும் ஆய்வுக்கூடம் என்று பத்து வருடம் ஓட்டினார். 1917-இல் அந்தப் பெரிய உத்தியோகத்தையே விட்டுவிட்டு, அதைவிடக் குறைந்த சம்பளத்தில் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார்.

1930-இல் நோபல் பரிசு பெற்றார், ஒளிச் சிதறலைப் பற்றிய 'ராமன் விளைவு' என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அந்த ஒளிக்கு முன்னால் பல ஆண்டுகள் அவர் மனசு முழுக்க ஒலிதான் இருந்தது. அப்பா வயலின் வாசிப்பவர். மனைவி லோகசுந்தரி வீணை வாசிப்பவர். ராமன் வயலினை ஆராய்ந்தார், வீணையை ஆராய்ந்தார், ஒற்றைக் கம்பி எக்தாராவைக்கூட விடவில்லை. பிறகு மிருதங்கத்திடம் வந்தார்.

மிருதங்கத்தில் என்ன புதிர் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

வீணைக் கம்பியை மீட்டினால் அது முழுசாகவும் அதிரும், இரண்டு பாதியாகவும் அதிரும், மூன்று பங்காகவும் அதிரும். அடிப்படை ஒலி ஒன்று என்றால் மேலே எழும் ஒலிகள் சரியாக 2, 3, 4, 5 மடங்கு. படிக்கட்டு மாதிரி ஒழுங்கான உயரம். அதனால்தான் அது சுரமாக நம் காதில் இனிக்கிறது. ஆனால் வட்டமாக இழுத்துக் கட்டிய தோல் அப்படி இல்லை. அதன் மேல் ஒலிகள் 1.59 மடங்கு, 2.14 மடங்கு, 2.30 மடங்கு என்று கோணல் மாணலாகப் போகும். எந்தப் படியும் எந்தப் படியோடும் ஒத்து வராது. இங்கிலாந்தின் ரேலி பிரபு 1877-இல் வெளியிட்ட ஒலியியல் பெருநூலில் இந்தக் கணக்கு விளக்கமாக இருக்கிறது. ஆகவே மேளம் என்றால் தாளத்துக்கு ஆகும், சுருதிக்கு ஆகாது, அது வெறும் ஓசை என்பது மேல்நாட்டார் முடிவு. அவர்கள் கண்ட மேளத்துக்கு அது சரிதான்.

நம் மிருதங்க வித்துவான் என்ன செய்கிறார்? கச்சேரிக்கு முன்னால் தம்பூராவின் சுருதியைக் கேட்டுக் கேட்டு, ஒரு கல்லாலும் கட்டையாலும் வார் விளிம்பைத் தட்டித் தட்டி, மிருதங்கத்தை அந்தச் சுருதியில் கொண்டுவந்து நிறுத்துகிறார். வெறும் ஓசையை எப்படிச் சுருதி சேர்க்க முடியும்? கணக்கு பொய்யா, காது பொய்யா?

ராமன் கணக்கையும் சந்தேகிக்கவில்லை, காதையும் சந்தேகிக்கவில்லை. வலந்தலையின் நடுவே இருக்கும் கறுப்பு வட்டத்தைப் பார்த்தார். 1920-இல் சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து லண்டன் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். 1934-இல் பெங்களூரிலிருந்து அதையே விரிவாக எழுதினார். அவர் கையாண்ட முறை பிள்ளைகளுக்கும் புரியும். தோலின்மேல் மெல்லிய மணலைத் தூவிவிட்டு, வித்துவான் தட்டுவது போலத் தட்டினார். தோல் அதிரும் இடத்தில் மணல் துள்ளி ஓடும். அதிராமல் அசையாமல் இருக்கும் இடத்தில் போய் ஒதுங்கிக்கொள்ளும். ஒரு தட்டுக்கு ஒரு நேர்கோடு, இன்னொரு தட்டுக்கு ஒரு சிலுவை, இன்னொன்றுக்கு ஒரு வட்டம். ஒலியைக் கண்ணால் பார்த்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும்.

அப்படிப் பார்த்ததில் கிடைத்த முடிவு இது. நடுவில் ஏற்றிய அந்தக் கறுப்புப் பசையின் கனத்தால், தோலின் ஒன்பது வகை அதிர்வுகள் இழுத்து நிறுத்தப்பட்டு, 1, 2, 3, 4, 5 என்ற ஐந்தே படிகளில் வந்து அடங்குகின்றன. முதல் படியில் ஒன்று, இரண்டாவதில் ஒன்று, மூன்றாவதில் இரண்டு, நான்காவதில் இரண்டு, ஐந்தாவதில் மூன்று. கோணல் மாணலான தோல், கம்பியைப் போல ஒழுங்குக்கு வந்துவிட்டது. வித்துவான் மோதிர விரலைத் தோலில் இலேசாக ஊன்றிக்கொண்டு ஆள்காட்டி விரலால் 'நம்' என்று தட்டுகிறாரே, ஊன்றிய விரல் முதல் அதிர்வை அடக்கி, இரண்டாவது படியை மட்டும் பேச வைக்கிறது. எட்டு வயதில் மிருதங்கம் பழகும் பிள்ளை தன்னை அறியாமல் ஒரு பௌதிகப் பரிசோதனை செய்துகொண்டிருக்கிறது!

அந்தக் கறுப்பு வட்டத்தைச் சோறு என்றே சொல்வார்கள். கிட்டான் கல் என்னும் கறுப்புக் கல்லை இடித்துச் சலித்து, குழைந்த சோற்றோடு பிசைந்து, சிறிது சிறிதாகத் தோலில் அப்பி, கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவார்கள். ஒரு படலம் காய்ந்த பிறகு அடுத்தது. நடுவில் கனம் கூட, ஓரத்தில் கனம் குறைய. தேய்க்கும்போதே தட்டித் தட்டிக் கேட்க வேண்டும். பருப்பொருளில் ஒரு சிட்டிகை கூடினாலும் சுருதி கெடும். முழவின் முகத்தில் மண் பூசும் வழக்கத்தைச் சங்கப் பாட்டுகளே பேசுகின்றன என்றால், இந்தத் தேடல் எவ்வளவு பழையது என்று எண்ணிப் பாருங்கள். தோலின் நடுவில் கனம் ஏற்றினால் ஒலி திருந்தும் என்று முதலில் கண்ட கை யாருடையது? பெயர் இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. மிருதங்கம் வாசித்தவர்களின் பெயர் சபாவெங்கும் ஒலித்தது. பாலக்காடு மணி ஐயர் என்றால் தெரியாதவர் யார்? அவருக்கு மிருதங்கம் கட்டிக் கொடுத்த பர்லாந்து என்பவரை எத்தனை பேருக்குத் தெரியும்? பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020-இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு நூல் எழுதினார். தஞ்சாவூரிலும் சென்னையிலும் தலைமுறை தலைமுறையாக மிருதங்கம் கட்டிய குடும்பங்களைத் தேடிப் போய் எழுதியது. அவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியிலிருந்து கிறிஸ்துவம் தழுவியவர்கள். மாட்டுத் தோலையும் ஆட்டுத் தோலையும் எருமைத் தோலையும் தொட்டுப் பார்த்தே இது பாடும், இது பாடாது என்று பிரிக்கத் தெரிந்தவர்கள். தோலைத் தொட்டதற்காகவே தள்ளி நிறுத்தப்பட்டவர்களும் அவர்களே. மேடையில் ஒலி இனித்தது. அந்த ஒலியை உண்டாக்கிய கைக்கு மேடையின் ஓரத்தில்கூட இடம் இல்லை. என் தோட்டத்துத் தப்புக்காரரை நினைத்துக்கொண்டேன்.

சரி, கேளா ஒலிக்கு வருவோம். அதன் முற்பகுதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1790-களில் இத்தாலியில் ஸ்பல்லன்சானி என்ற பாதிரியார், வௌவால் கண்ணில்லாமலும் பறக்கிறது, காதை அடைத்தால் முட்டிக்கொள்கிறது என்று கண்டார். அவர் காலத்தில் சிரித்தார்கள். 1880-இல் பிரான்சில் கியூரி சகோதரர்கள், சில படிகக் கற்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கிறது என்று கண்டார்கள். 1912-இல் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியது. பிறகு உலகப் போர், நீர்மூழ்கிக் கப்பல். தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலி கேட்கும் தேவை பிறந்தது. 1917-இல் லாஞ்சவின் என்ற பிரெஞ்சு அறிஞர் அந்தப் படிகக் கல்லை இரும்புத் தகடுகளுக்கு நடுவே வைத்துக் கேளா ஒலியைக் கடலுக்குள் அனுப்பவும் திரும்பப் பிடிக்கவும் வழி செய்தார். போரிலே பிறந்த பிள்ளை இது.

அந்தப் பிள்ளையைப் பிறகு வளர்த்தவர்களில் நம் ராமனும் ஒருவர். இது பலருக்குத் தெரியாது.

1932-இல் அமெரிக்காவிலும் பிரான்சிலும் ஒரு வேடிக்கையைக் கண்டார்கள். ஒரு கண்ணாடித் தொட்டியில் திரவத்தை ஊற்றி, அதற்குள் கேளா ஒலியைச் செலுத்தி, குறுக்கே ஒரு ஒளிக் கதிரை விட்டால், அது ஒன்றாகப் போய்ப் பலவாகப் பிரிந்து வெளியே வருகிறது. ஒலி போகும் வழியில் திரவம் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் தளர்ந்தும் வரி வரியாக நிற்கிறது. கோரைப் பாய் ஓட்டையில் வெயில் புகுந்தால் கோடு கோடாக விழுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் இத்தனை கதிர்கள், ஏன் ஒன்று பிரகாசமாகவும் ஒன்று மங்கலாகவும் இருக்கிறது என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. அப்போது ராமன் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் இயக்குநர். அவரும் நாகேந்திர நாத் என்ற இளைஞரும் 1935, 1936 ஆண்டுகளில் ஐந்து கட்டுரைகளில் அந்தக் கணக்கைத் தீர்த்தார்கள். ராமன்-நாத் கொள்கை என்று உலகம் இன்றும் அதை வழங்குகிறது.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது என்ன தெரியுமா? அந்தக் கதிர்களின் பிரகாசத்தைச் சொல்லும் கணிதச் சார்புக்குப் பெஸ்ஸல் சார்பு என்று பெயர். வட்டமான மேளத் தோல் எப்படி அதிரும் என்று சொல்லும் கணிதமும் அதே பெஸ்ஸல் சார்புதான். மிருதங்கத்தில் தொடங்கிய மனிதருக்கு, ஒளியும் ஒலியும் சந்திக்கும் இடத்திலும் அதே பழைய நண்பன் காத்திருந்தான்.

ஆக, ஒலியின் அதிர்வை ஒளியைக் கொண்டே கேட்கலாம் என்று தெரிந்துவிட்டது. இதை நினைவில் வையுங்கள். கடைசியில் தேவைப்படும்.

அடுத்தது நம் தாய்மார்களுக்குத் தெரிந்த கதை. அந்தக் காலத்தில் தோட்டத்து லயத்தில் பிரசவம் என்றால் மருத்துவச்சி ஒரு மரக்குழலை வயிற்றில் வைத்து, மறு முனையில் காதை வைத்து, மூச்சை அடக்கிக் கேட்பார். சுற்றி நிற்கும் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். "துடிக்குது, துடிக்குது" என்ற சொல் வந்த பிறகுதான் எல்லாருக்கும் உயிர் வரும். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகர மருத்துவர் இயன் டொனால்ட், கொதிகலன் தொழிற்சாலையில் இரும்புக்குள் வெடிப்பு தேடும் கேளா ஒலிக் கருவியைப் பார்த்தார். இரும்புக்குள் பார்க்கலாம் என்றால் வயிற்றுக்குள் பார்க்கக் கூடாதா? 1958-இல் தம் கூட்டாளிகளோடு அந்த முடிவுகளை வெளியிட்டார். இன்று சுகாதார நிலையத்தில் 'ஸ்கேன்' எடுத்து வந்து, சாம்பல் நிறப் படத்தைக் காட்டி "மூக்கு அப்பா மாதிரி" என்று நீங்கள் சொல்வது அங்கே தொடங்கியது.

ஆனால் அந்தக் கருவிகளுக்குள் இருந்ததெல்லாம் படிகக் கட்டியும் பீங்கான் கட்டியும்தான். கெட்டியான பொருள். காற்றிலோ உடம்பிலோ வரும் மெல்லிய அதிர்வு அதன்மேல் பட்டால் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். பாறையின்மேல் பூவை எறிந்தது மாதிரி. மெல்லிய அதிர்வைப் பிடிக்க மெல்லிய தோல் வேண்டும். ஆக, உலகம் சுற்றி மறுபடியும் தோலுக்கே வந்தது!

1994-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஹாலர், கூரி-யாகூப் என்ற இருவர், சிலிக்கன் சில்லின்மேல் ஒரு கேளா ஒலி மேளம் செய்து காட்டினார்கள். மேளம் என்று நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அடியில் ஒரு குழி, மேலே இழுத்த ஒரு மெல்லிய படலம். அந்தப் படலத்தின் கனம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு. குறுக்கே ஒரு தலைமுடியின் தடிமன் அளவே இருக்கும். படலமும் குழியின் அடியும் இரண்டு மின் தகடுகள். ஒலி வந்து மோதினால் படலம் அசையும், இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மாறும், மின்னேற்றம் மாறும், கருவி அதைப் படிக்கும். மின்சாரத்தை நாம் ஏற்றி இறக்கினால் படலம் தானே அதிர்ந்து ஒலி எழுப்பும். வாசிப்பதும் அதுவே, கேட்பதும் அதுவே.

அவ்வளவு சின்ன மேளத்துக்கு அடியில் குழி எப்படித் தோண்டுவது? சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, சுட்டு, மெழுகை உருக்கி வெளியே விடுகிறார்களே, கிட்டத்தட்ட அதே யுக்தி. முதலில் கரையக்கூடிய ஒரு படலத்தைப் பரப்புகிறார்கள். அதன்மேல் தோலாகப் போகும் படலத்தைப் பரப்புகிறார்கள். சின்னச் சின்ன ஓட்டை போட்டு, அமிலத்தால் அடிப் படலத்தைக் கரைத்து எடுத்துவிட்டால், மேல் படலம் அந்தரத்தில் நிற்கும். பிறகு ஓட்டையை அடைத்துவிடுவார்கள். உடம்பு முழுக்க வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு, தூசு புகாத அறையில் செய்யும் வேலை. செனாய்ப் பக்கமும் கடல் தாண்டி சிங்கப்பூரிலும் மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கு அந்த வெள்ளை அங்கி நன்றாகத் தெரியும். கிட்டான் கல்லைத் தேய்த்தவர்களுக்கும் இவர்களுக்கும் வேலை ஒன்றுதான். தோலின் கனத்தைத் துல்லியமாக வைப்பது.

ஒரு மேளம் இல்லை, ஆயிரக்கணக்கான மேளங்களை ஒரே சில்லில் அடுக்கலாம் என்பதுதான் இதன் பெருமை. 2018-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த 'பட்டர்ஃபிளை' என்ற கையடக்க ஸ்கேன் கருவியில் ஏறக்குறைய 9,000 நுண் மேளங்கள் ஒரு சில்லில் இருக்கின்றன. கைத்தொலைபேசியில் சொருகிக்கொண்டு பார்க்கலாம். அன்று மருத்துவச்சி மரக்குழலோடு லயத்துக்கு நடந்து வந்தாரே, அதே போல ஒரு தாதி இதைப் பையில் போட்டுக்கொண்டு தொலைதூரத் தோட்டத்துக்கு வரலாம். விலைதான் இன்னும் எளிய கைக்கு எட்டுவதாக இல்லை.

2019-இல் ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் இதற்கும் ஒரு படி மேலே போனார்கள். சில்லின்மேல் வண்டிச் சக்கரம் போல ஆரக்கால்கள் வைத்த ஒரு நுண் தட்டு. அதன் நடுக்கத்தை மின்சாரத்தால் அல்ல, அதற்குள் சுற்றி வரும் லேசர் ஒளியால் கேட்டார்கள். ராமனும் நாத்தும் கணக்குப் போட்ட ஒலி-ஒளிச் சந்திப்பை நினைவில் வைக்கச் சொன்னேனே, வழி வேறு என்றாலும் எண்ணம் அதன் உறவுதான். சுற்றியுள்ள காற்றின் மூலக்கூறுகள் வந்து மோதும் சலசலப்பே அந்தத் தட்டுக்குக் கேட்கும் அளவுக்குக் கூர்மை வந்துவிட்டது. உயிருள்ள ஒரே ஓர் அணுவறையின் துடிப்பைக்கூட இப்படிக் கேட்கலாம் என்று அவர்கள் சொல்கிறார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, "பார்த்தீர்களா, எல்லாம் நம் முன்னோருக்கு அப்போதே தெரியும்" என்று மேடையில் யாராவது முழங்கினால் நம்பாதீர்கள். மிருதங்கம் கட்டியவருக்குச் சிலிக்கன் தெரியாது. கூரி-யாகூப் மிருதங்கத்தைப் பார்த்துத் தம் சில்லைச் செய்ததாகவும் நான் எங்கும் படிக்கவில்லை. ஆனால் தோலின் நடுவில் எவ்வளவு கனம் என்ற கேள்வியைத் தஞ்சாவூரில் ஒருவர் விரல் நுனியால் கேட்டார், கல்கத்தாவில் ஒருவர் மணலைத் தூவிக் கேட்டார், கலிபோர்னியாவில் ஒருவர் மின்சாரத்தால் கேட்டார். கேள்வி ஒரே கேள்வி. அதில் ஒருவருக்கு நோபல் பரிசு, ஒருவருக்குப் பேராசிரியர் பதவி. விரல் நுனிக்காரருக்கு அன்றைய கூலி.

மாணவச் செல்வங்களே, வீட்டில் ஒரு காலி மைலோ டின் இருக்குமே. ஒரு பெரிய பலூனின் கழுத்தை வெட்டிவிட்டு, டின்னின் வாயில் இழுத்துப் போர்த்தி, ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். உங்கள் பாட்டனார் பால் மரம் சீவிச் சேர்த்த அதே ரப்பர்தான், இப்போது மேளத் தோல். அதன்மேல் கொஞ்சம் உப்பைத் தூவுங்கள். தோலுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, மூச்சுப் படாமல், 'ஊ...' என்று உரக்கக் குரல் கொடுங்கள். குரலை ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஏதோ ஒரு சுருதியில் உப்பு திடீரென்று துள்ளும். பிறகு உப்பைத் துடைத்துவிட்டு, தோலை விரலால் சுண்டிக் கேளுங்கள். நடுவில் நன்றாக மசித்த சோற்றை ஒரு காசு அளவுக்கு அப்பி மறுபடி சுண்டுங்கள். ஒலி இறங்கியிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியும் குறைத்தும், எந்த அளவில் காதுக்கு நன்றாக இருக்கிறது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். சோற்றை வீணாக்குகிறாயே என்று அம்மா கேட்டால், சி. வி. ராமனுக்கு விடை கிடைத்ததும் சோற்றில்தான் என்று சொல்லிவிடுங்கள்.